1914: முடிவாக இருந்த ஆண்டு தொடக்கமாக மாறியது எப்படி?

யெகோவாவின் சாட்சிகள் ஒருவரிடம் 1914-ல் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு இயேசு பரலோகத்தில் ராஜாவாக ஆட்சியைத் தொடங்கினார், பூமியில் கடைசி நாட்கள் ஆரம்பித்தன என்பார். இதே கேள்வியை 1900-ல், அந்த இயக்கத்தின் முன்னோடிகளான பைபிள் மாணவர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். கடைசிக் காலம் 1799-லேயே தொடங்கிவிட்டது, கிறிஸ்து 1874-லேயே கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிட்டார், 1914-ல் இந்த உலகத்தின் அரசுகள் எல்லாம் ஒழிந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆண்டு ஒன்றுதான். அன்று அது முடிவு, இன்று அது தொடக்கம்.

நம் ஊர்களில் பலருக்கு இந்த இயக்கம் 'காவற்கோபுரம்', 'விழித்தெழு!' பத்திரிகைகள் வழியாகத்தான் பரிச்சயம். கதவைத் தட்டிப் பொறுமையாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் அமைப்பின் தேதிக் கணக்கு எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதை வரிசையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். தீர்க்கதரிசனத் தேதி ஒன்று பொய்க்கும்போது ஒரு மத இயக்கம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நூற்றைம்பது ஆண்டுக் கால அச்சுப் பிரதிகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

பைபிளில் எங்கும் 1914 என்று எழுதியிருக்கவில்லை. அதைக் கணக்குப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். அதற்கு ஓர் எண் வேண்டும், அந்த எண்ணை ஆண்டுகளாக மாற்ற ஒரு விதி வேண்டும், எண்ணத் தொடங்க ஓர் ஆண்டு வேண்டும்.

எண் தானியேல் 4-ம் அதிகாரத்திலிருந்து வருகிறது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஒரு கனவு காண்கிறான். ஒரு பெரிய மரம் வெட்டப்படுகிறது, அதன் மேல் 'ஏழு காலங்கள்' கடந்துபோகின்றன. அந்த அதிகாரத்திலேயே அது நிறைவேறியும் விடுகிறது: ராஜா புத்தி பேதலித்து மாடுபோலப் புல்லைத் தின்கிறான், பிறகு தெளிந்து சிம்மாசனத்துக்குத் திரும்புகிறான். ஆனால் இதற்கு இன்னொரு பெரிய நிறைவேற்றமும் உண்டு என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. வெட்டப்பட்ட மரம் கடவுளின் ஆட்சியைக் குறிக்கிறது, எருசலேம் வீழ்ந்தபோது அது வெட்டப்பட்டது, ஏழு காலம் கழிந்ததும் மீண்டும் துளிர்க்கும் என்று பொருள் கொள்கிறார்கள். லூக்கா 21:24-ல் இயேசு சொல்லும் 'புறஜாதியாரின் காலம்' இதுதான் என்று அதையும் இதோடு இணைக்கிறார்கள்.

அடுத்தது விதி. வெளிப்படுத்தின விசேஷம் 12-ம் அதிகாரத்தில் 1,260 நாட்களும் மூன்றரைக் காலமும் ஒரே அளவாக வருகின்றன. அப்படியானால் ஏழு காலம் என்பது 2,520 நாட்கள். எசேக்கியேல் 4:6-லும் எண்ணாகமம் 14:34-லும் ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று ஒரு வழக்கு இருக்கிறது. அதை இங்கே பொருத்தினால் 2,520 நாட்கள் 2,520 ஆண்டுகளாகின்றன. இது பைபிள் மாணவர்கள் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 1823-லேயே இங்கிலாந்தில் ஜான் அக்விலா பிரவுன் என்பவர் 2,520 ஆண்டுக் கணக்கு ஒன்றை, 1917-ல் முடியும்படி போட்டு வெளியிட்டிருந்தார்.

கடைசியாகத் தொடக்க ஆண்டு. எருசலேம் வீழ்ந்தது கி.மு. 606 என்று எடுத்துக்கொண்டார்கள். 606-ம் 1914-ம் சேர்ந்தால் 2,520. சரியாக வருகிறதல்லவா? ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்ய ஆண்டு என்று ஒன்று கிடையாது. ஆகவே கி.மு. 606-லிருந்து 2,520 ஆண்டுகளை எண்ணினால் 1915-ல்தான் போய் நிற்கும். 1940-களில் அமைப்பு இதைத் திருத்தியபோது 1914 அப்படியே நின்றது, தொடக்கம் கி.மு. 607-க்கு நகர்ந்தது.

இந்தச் சிறு திருத்தத்தில் முழுக் கதையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரணக் கணக்கில் தொடக்கத்தை உறுதி செய்துவிட்டு விடையைத் தேடுவோம். இங்கே விடை முதலிலேயே உறுதியாகிவிட்டது, தொடக்கம்தான் அதற்கு ஏற்ப நகர்ந்தது.

தேதி சரி, நிகழ்வுதான் தவறு

பைபிள் மாணவர் இயக்கத்தைத் தொடங்கிய ரஸலுக்கு முன்பே இந்தப் பாதை போடப்பட்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டன் என்ற ஊரில் விவசாயியாக இருந்தவர் வில்லியம் மில்லர், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். தானியேல் 8:14-ல் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணி, 1843 வாக்கில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று போதித்தார். அது நடக்காமல் போனதும் அவருடைய இயக்கம் 1844 அக்டோபர் 22 என்ற ஒரே நாளில் வந்து நின்றது. அந்த நாளும் கடந்தது. அமெரிக்க மத வரலாற்றில் அதை 'மகா ஏமாற்றம்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினர், தேதி சரிதான், நடந்தது பூமியில் அல்ல, பரலோக ஆசரிப்புக் கூடாரத்தில் என்று விளக்கினார்கள். அவர்களிடமிருந்துதான் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபை உருவானது. தேதியை வைத்துக்கொண்டு நிகழ்வைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றுவது என்ற வழி இங்கே பளிச்சென்று தெரிகிறது.

மில்லரின் ஆட்களில் ஒருவரான நெல்சன் பார்பர் மீண்டும் கணக்குப் போட்டு, முதலில் 1873, பிறகு 1874 என்றார். 1874-ம் ஒன்றும் நடக்காமல் முடிந்தது. அப்போது அவருடைய வட்டத்தில் ஒருவர், கிரேக்க மூலத்தில் 'வருகை' என்று நாம் படிக்கும் சொல்லுக்குப் 'பிரசன்னம்', அதாவது கூட இருத்தல் என்றும் பொருள் உண்டு என்று காட்டினார். அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. கிறிஸ்து 1874-ல் வந்துவிட்டார், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்.

பென்சில்வேனியாவின் அலகெனியில் துணிமணிக் கடை வைத்திருந்த சார்லஸ் டேஸ் ரஸல் என்ற இளைஞர் 1876-ல் பார்பரைச் சந்தித்து இதை ஏற்றுக்கொண்டார். 1878-ல் தாங்கள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. இருவரும் பிரிந்தார்கள். 1879 ஜூலையில் ரஸல் சொந்தமாகக் காவற்கோபுரம் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் முழுத் தலைப்பிலேயே 'கிறிஸ்துவினுடைய பிரசன்னத்தின் அறிவிப்பாளன்' என்ற வார்த்தைகள் இருந்தன. அந்தப் பிரசன்னம் 1874-ல் தொடங்கியதாக அவர் நம்பியது. அப்புறம் 1881-ம் எதிர்பார்ப்போடு வந்து ஒன்றுமின்றிப் போனது.

1914 வந்தபோது

1889-ல் ரஸல் வெளியிட்ட நூலில், சர்வவல்லமையுள்ள தேவனின் மகாநாளின் யுத்தம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அது 1914-ல் பூமியின் இப்போதைய ஆட்சிகள் முற்றாகக் கவிழ்வதோடு முடியும் என்று எழுதினார். இங்கே கவனிக்க வேண்டியது 'முடியும்' என்பது. கீசாவின் மகா பிரமிடையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். அதன் உள்வழிகளை அளந்து, ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிட்டு, பைபிள் தேதிகளுக்கு அது ஒத்துப்போவதாகக் காட்டினார். 1928-ல் அமைப்பு பிரமிடை முழுவதுமாகக் கைவிட்டது. அதற்குள் அதைப் படித்து நம்பி ஒரு தலைமுறையே வளர்ந்திருந்தது.

1914 ஜூலை கடைசியில் உலகப் போர் மூண்டது. பைபிள் மாணவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஆண்டில் ஐரோப்பா முழுவதும் தீப்பற்றி எரிகிறது. அக்டோபர் 2-ம் தேதி காலை, புரூக்ளினில் தலைமையகமாக இருந்த பெத்தேல் இல்லத்தின் உணவுக்கூடத்துக்கு வந்த ரஸல், புறஜாதியாரின் காலம் முடிந்துவிட்டது, அவர்களுடைய ராஜாக்களின் நாள் போய்விட்டது என்று அறிவித்தார்.

ஆனால் எதிர்பார்த்தது ஒரு போரின் தொடக்கத்தை அல்ல. ஆட்சிகள் முடிவதையும், விசுவாசிகள் பரலோகம் போவதையும்தான். அந்த இரண்டும் நடக்கவில்லை. நூலின் பிந்தைய பதிப்புகளில் 1914 என்று இருந்த இடம் 1915 ஆனது. 1916 அக்டோபர் 31-ம் தேதி, ரயில் பயணத்தில், டெக்சஸ் மாநிலத்தின் பாம்பா அருகே ரஸல் இறந்துபோனார்.

அவருக்குப் பின் தலைவரான ஜோசப் ரதர்ஃபோர்டின் காலத்தில்தான் பெரிய இடமாற்றம் தொடங்கியது. இது ஒரே அறிவிப்பில் வந்ததல்ல. 1920-களிலும் 30-களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, 1943 வாக்கில் முழு வடிவம் பெற்றது. 1799-ல் இருந்த 'கடைசிக் காலத்தின்' தொடக்கம் 1914-க்கு வந்தது. 1874-ல் இருந்த பிரசன்னமும் 1914-க்கு வந்தது. 1878-ல் கிறிஸ்து ராஜ அதிகாரம் ஏற்றார் என்பதும் 1914 ஆனது. 1878-ல் மரித்த பரிசுத்தவான்கள் எழுப்பப்பட்டார்கள் என்பது 1918-க்குப் போனது. பழைய தேதிகள் ஒவ்வொன்றும் காலியாக, அவற்றில் இருந்தவை எல்லாம் 1914-லும் அதைச் சுற்றியும் குடியேறின. காரணமும் எளிதில் புரியக்கூடியதே. 1874-ல் உலகத்தில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. 1914-ல் உலகமே பார்த்த ஒன்று நடந்தது.

இந்த இடைக்காலத்திலும் புதிய தேதிகள் நிற்கவில்லை. 1917-ல் வந்த நூல், 1918-ல் கிறிஸ்தவ சபைகள் பேரழிவைச் சந்திக்கும் என்றது. உண்மையில் 1918-ல் சிறைக்குப் போனவர்கள் ரதர்ஃபோர்டும் அவருடைய தோழர்களும்தான். அமெரிக்காவின் உளவுச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டு 1919 மார்ச்சில் வெளியே வந்தார்கள். அடுத்தது 1925. இஸ்ரவேலர் கானானுக்குள் நுழைந்தது கி.மு. 1575 என்று கொண்டு, ஐம்பது ஆண்டு யூபிலி எழுபது முறை, மொத்தம் 3,500 ஆண்டுகள் என்று கணக்கு. அந்த ஆண்டில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு முதலானோர் உயிரோடு எழுந்து பூமிக்குத் திரும்புவார்கள் என்று, 'இப்போது வாழும் லட்சக்கணக்கானோர் ஒருபோதும் மரிப்பதில்லை' என்ற 1920-ம் ஆண்டுக் கையேடு உறுதியாகச் சொன்னது. யாரும் எழுந்துவரவில்லை. அப்படியும், 1929-ல் சான் டியாகோவில் 'பெத் சாரிம்' என்ற மாளிகை கட்டப்பட்டு, திரும்பி வரப்போகும் அந்த முற்பிதாக்களுக்காக என்று பத்திரத்திலேயே எழுதப்பட்டது. ரதர்ஃபோர்ட் அதில் வாழ்ந்து, 1942-ல் அங்கேயே இறந்தார். 1948-ல் அது விற்கப்பட்டது.

இயக்கத்தின் சொந்தப் பதிவுகளின்படி, இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் வருடாந்தர நினைவு ஆசரிப்புக்கு 1925-ல் வந்தவர்கள் 90,434 பேர். 1928-ல் 17,380. சரிவுக்கு உட்பூசல்களும் காரணம் என்றாலும், பொய்த்த தேதிக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. 1931-ல் ஒஹாயோவின் கொலம்பஸில் நடந்த மாநாட்டில், எஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும் 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற புதிய பெயரை ஏற்றுக்கொண்டார்கள்.

1975

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 1925 அச்சில் மட்டுமே மிஞ்சியிருக்கும் வரலாறு. 1975-ஐ எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1966-ல் அமைப்பு ஒரு நூலில் ஒரு காலவரிசையை வெளியிட்டது. ஆதாம் படைக்கப்பட்டது கி.மு. 4026. அதிலிருந்து மனித வரலாற்றின் 6,000 ஆண்டுகள் 1975 இலையுதிர் காலத்தில் நிறைவடையும். கடவுளின் ஏழாம் நாள் 7,000 ஆண்டுகள் நீண்டது, அதில் கடைசி ஆயிரம் கிறிஸ்துவின் ஆயிர வருட ஆட்சி என்பதும் அவர்களுடைய போதனை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் அர்மகெதோன், அதாவது கடவுளின் இறுதிப் போர், 1975-ஐ ஒட்டி வந்தாக வேண்டும் என்று தோன்றும். (6,000 ஆண்டு நிறைவும் ஏற்கெனவே இடம் மாறிய ஒன்றுதான். ரஸலின் கணக்கில் அது 1870-களின் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது.)

அர்மகெதோன் 1975-ல் வரும் என்று அமைப்பு அறுதியிட்டு அச்சிடவில்லை. 'வரலாம்', 'நாங்கள் உறுதியாகச் சொல்லவில்லை' என்ற எச்சரிக்கைகளும் கூடவே இருந்தன. இதை நேர்மையாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கைகளைச் சுற்றி இருந்தவற்றையும் படிக்க வேண்டும். 1968 ஆகஸ்ட் 15 காவற்கோபுரத்தில் '1975-ஐ ஏன் எதிர்நோக்கியிருக்கிறீர்கள்?' என்ற தலைப்பிலேயே கட்டுரை வந்தது. வித்தியாசம் இருந்தாலும் அது வாரங்களோ மாதங்களோதான், வருடங்களாக இருக்காது என்றது அது. 1969 மே மாத 'விழித்தெழு!' இதழ் இளைஞர்களைப் பார்த்து, இந்த உலக அமைப்பில் நீங்கள் முதுமை அடையவே மாட்டீர்கள் என்று எழுதியது. 1974 மே மாதம், சபைகளுக்குள் மட்டும் புழங்கிய பிரசுரம் ஒன்று, வீட்டையும் சொத்தையும் விற்றுவிட்டு மீதிக் காலத்தைப் பயனியர் ஊழியத்தில் (முழுநேரப் பிரசங்க வேலையில்) செலவிட இருக்கும் சகோதரர்களைப் பற்றிக் குறிப்பிட்டு, மிஞ்சியிருக்கும் குறுகிய காலத்தைச் செலவிட அது நல்ல வழி என்று பாராட்டியது.

ஒரு குடும்பத்தின் கோணத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். பையன் கல்லூரிக்குப் போகவில்லை. பெண் குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட்டாள். அப்பா ஓய்வுக்காலத்துக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் உலகத்திலேயே அதிகமாக நம்பும் குரல் ஒன்று 'குறுகிய காலம்' என்று சொல்லும்போது, அதற்கு ஏற்றபடி வாழ்வது முட்டாள்தனம் அல்ல, விசுவாசம். அதனால்தான் இந்தப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி முக்கியமாகிறது.

எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. 1968-ல் சுமார் 12 லட்சமாக இருந்த பிரஸ்தாபிகள் (ஊழியம் செய்யும் சாட்சிகள்) 1975-ல் 21 லட்சத்தைத் தாண்டினார்கள். 1975 கடந்தது. 1977-லும் 1978-லும் எண்ணிக்கை சற்றே இறங்கியது. விளக்கம் ஏவாள் வழியாக வந்தது. ஆதாம் படைக்கப்பட்டதற்கும் ஏவாள் படைக்கப்பட்டதற்கும் இடையே எவ்வளவு காலம் என்று தெரியாது, ஏழாம் நாள் ஏவாளுக்குப் பிறகுதான் தொடங்கியது, ஆகவே எப்போது முடியும் என்று சொல்ல இயலாது என்றார்கள். வாரங்களோ மாதங்களோ என்று 1968-ல் சொல்லப்பட்ட அதே இடைவெளிதான் இது.

1976 ஜூலை 15 காவற்கோபுரம், ஏமாந்தவர்கள் தங்கள் பார்வையைச் சரிசெய்துகொள்ள வேண்டும், தோற்றது கடவுளின் வார்த்தை அல்ல, அவர்களுடைய சொந்தப் புரிதல்தான் என்று எழுதியது. நான்கு ஆண்டு கழித்து, 1980 மார்ச் 15 இதழில், அந்தத் தகவலை வெளியிட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்ற ஒப்புதல் வந்தது. அது வந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டை விற்றவருக்கு அது மிகவும் தாமதம், மிகவும் சுருக்கம்.

'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது'

1975-க்குப் பிறகு அமைப்பு வேறு எந்த ஆண்டையும் சுட்டவில்லை. ஆனால் இன்னொரு அளவுகோல் ஏற்கெனவே கையில் இருந்தது. மத்தேயு 24:34-ல், இவையெல்லாம் சம்பவிக்கும் முன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்கிறார் இயேசு. 1914-ஐப் பார்த்த மனிதர்கள் எல்லாரும் சாவதற்குள் முடிவு வரும் என்பது போதனை. ஓர் ஆண்டு பொய்த்தது ஒரே நாளில் தெரிந்துவிடும். ஒரு தலைமுறையோ மெதுவாகத்தான் மறையும்.

1968-ல், 1914-ன்போது நடப்பதைப் புரிந்துகொள்ளும் வயதில், அதாவது பதினைந்து வயதிலாவது இருந்தவர்கள் என்று வரையறுத்தார்கள். 1984-லும் 'ஒழிந்துபோகாத 1914-ன் தலைமுறை' என்று முதியவர்களின் முகங்களோடு காவற்கோபுரத்தின் அட்டை வந்தது. அமைப்பின் தலைமையான ஆளும் குழுவில் இருந்து 1980-ல் வெளியேறிய ரேமண்ட் ஃபிரான்ஸ், தலைமுறையின் தொடக்கத்தை ஸ்புட்னிக் பறந்த 1957-க்கு மாற்றலாம் என்ற யோசனைகூடக் குழுவில் வைக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். 1995-ல் நிஜமான மாற்றம் வந்தது. 'தலைமுறை' என்பது குறிப்பிட்ட வயதினர் அல்ல, கிறிஸ்துவின் பிரசன்னத்தின் அடையாளத்தைக் கண்டும் திருந்தாத மனிதர்கள் என்றார்கள். 'விழித்தெழு!' இதழின் நோக்கத்தைச் சொல்லும் பகுதியில், 1914-ன் சம்பவங்களைக் கண்ட தலைமுறை மறைவதற்கு முன் புதிய உலகம் வரும் என்று அச்சாகிவந்த வாக்கியம் அந்த நவம்பரில் எடுக்கப்பட்டது.

2008-ல் மறுபடி மாறியது. தலைமுறை என்பது திருந்தாத மனிதர்கள் அல்ல, அபிஷேகம் செய்யப்பட்ட, அதாவது பரலோகம் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நம்பப்படும், விசுவாசிகள் என்றானது. 2010-ல் அது இரண்டு குழுவாகியது: 1914-ஐக் கண்ட அபிஷேகம் செய்யப்பட்டவர்கள் ஒன்று, அவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே அபிஷேகம் செய்யப்பட்ட இளையவர்கள் இன்னொன்று. இரண்டு வாழ்நாட்களும் சற்றே ஒன்றின்மேல் ஒன்று படிவதால் இரண்டும் சேர்ந்து ஒரே தலைமுறை. யோசேப்பும் அவன் சகோதரரும் 'அந்தத் தலைமுறையார் எல்லாரும்' இறந்தார்கள் என்ற யாத்திராகமம் 1:6-ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த வசனம் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றியது. இரண்டு குழுக்களைச் சங்கிலிபோல் இணைக்க அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாற்றங்களுக்கு அமைப்பு தரும் பொதுவான விளக்கம் நீதிமொழிகள் 4:18. நீதிமான்களின் பாதை நடுப்பகல் வரைக்கும் அதிகமதிகமாகப் பிரகாசிக்கும் என்பதால், வெளிச்சம் கூடக் கூடப் புரிதலும் திருந்துகிறது என்கிறார்கள். திருத்திக்கொள்வது நல்லதுதான். சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. வெளிச்சம் எப்போது கூடியது என்று தீர்மானிப்பவர்கள் ஆளும் குழுவினர் மட்டுமே. அதற்கு முன்பே தவறைச் சுட்டிக்காட்டுகிறவருக்கு இடமில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஓலோஃப் ஜான்சன் 1977-ல் தலைமையகத்துக்கு ஒரு நீண்ட ஆய்வை அனுப்பினார். எருசலேம் அழிந்தது கி.மு. 607 அல்ல, வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டபடி 587 அல்லது 586 என்பதற்குப் பாபிலோனியக் களிமண் பலகைகளிலிருந்து ஆதாரங்களைத் திரட்டியிருந்தார். அவற்றில் ஒன்று நேபுகாத்நேச்சாரின் 37-ம் ஆண்டின் வான நிலைகளைப் பதிந்துவைத்த வானியல் பலகை. அந்த நிலைகள் கி.மு. 568-567-க்குப் பொருந்துகின்றன. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எருசலேமின் வீழ்ச்சி 587-ஐ ஒட்டியே வருகிறது. அவர் 1982-ல் சபைநீக்கம் செய்யப்பட்டார். 2011-ல் காவற்கோபுரம் இரண்டு கட்டுரைகளில் அதே பலகையை எடுத்து, அது 588-க்குப் பொருந்துவதாக வாதிட்டு 607-ஐக் காக்க முயன்றது. 607 விழுந்தால் 1914 விழும். 1914 விழுந்தால், அதை அடுத்து 1919-ல் கிறிஸ்து தம் மக்களை வழிநடத்த 'உண்மையும் விவேகமுமான அடிமையை' நியமித்தார் என்ற போதனைக்கும், அந்த அடிமை தாங்களே என்று ஆளும் குழு சொல்வதற்கும் அடித்தளம் இருக்காது.

இன்று நடைமுறையில் இருப்பது இரண்டு குழுத் தலைமுறைதான். 2015-ல் ஆளும் குழுவின் டேவிட் ஸ்ப்ளேன் ஒரு வரைபடத்தோடு இதை விளக்கியபோது, முதல் குழுவுக்கு உதாரணமாக 1992-ல் இறந்த ஃபிரெடரிக் ஃபிரான்ஸைக் காட்டினார். 1975 எதிர்பார்ப்பைப் பெரிதும் வடிவமைத்தவரும் அவரே. 1992-க்கு முன் இருபது வயதில் அபிஷேகம் செய்யப்பட்ட ஒருவர் எண்பது வயது வரை இருந்தால் 2050-ஐத் தொடுவார், தொண்ணூறு என்றால் 2060. 1969-ல் பதினெட்டு வயதில் 'நீங்கள் முதுமை அடையவே மாட்டீர்கள்' என்று படித்த சாட்சிகளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இன்னும் தங்கள் வழிபாட்டுக் கூடமான ராஜ்ய மன்றத்துக்குப் போகிறார்கள்.